பிராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டை மேம்படுத்துவதா, புதிதாக நிறுவுவதா: ஒற்றை சர்வர் வைத்திருக்கும் நெல்லை வட்டார அலுவலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி வட்டாரத்தில் ஜவுளிக் கடை, அரிசி ஆலை, ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் அலுவலகம், பள்ளி என்று எங்கு போனாலும், ஒரே ஒரு சர்வரை வாங்கி வைத்து அதற்குள் மூன்று நான்கு வி.எம்.களை, அதாவது மென்பொருளால் உருவான மெய்நிகர் கணினிகளை, ஓட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு வி.எம்.மில் பில்லிங், இன்னொன்றில் டேலி, மற்றொன்றில் கோப்புப் பகிர்வு என்று வைத்துக்கொள்கிறார்கள். உரிமக் கட்டணம் இல்லாமலே பயன்படுத்த முடிகிறது என்பதால் பல இடங்களில் அந்த ஹோஸ்டில் (வி.எம்.களைத் தாங்கும் சர்வரில்) இருப்பது, வி.எம்.களை உருவாக்கி இயக்கும் ஹைப்பர்வைசர் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸ் வி.இ. தான். 2023 ஜூனில் வெளிவந்த அதன் 8-ஆம் பதிப்பு, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. அதற்கான ஆதரவு 2026 ஆகஸ்டுடன் முடிகிறது. டெபியன் 13-ஐ அடித்தளமாகக் கொண்ட 9-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. ஆகவே இருக்கும் ஹோஸ்டை அப்படியே 9-க்கு மேம்படுத்துவதா, அல்லது துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவி வி.எம்.களை மீண்டும் ஏற்றுவதா என்ற முடிவை இந்த அலுவலகங்கள் எல்லாமே எடுத்தாக வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றை ஹோஸ்ட் வைத்திருக்கும் இடத்தில், புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி அதில் புதிதாக நிறுவி, பழைய எஸ்.எஸ்.டி.யைத் தொடாமல் கழற்றிப் பத்திரப்படுத்துவதே மிகவும் பாதுகாப்பான வழி. மேம்படுத்தல் பாதியில் தவறிப்போனால் பின்னால் திரும்பி வரப் பாதை இல்லை. டெபியனின் மென்பொருள் பொதிகளைப் பழைய பதிப்புக்கு இறக்கும் முறை நடைமுறையில் கிடையாது. கழற்றி வைத்த எஸ்.எஸ்.டி.யை மறுபடி மாட்டினாலோ, முந்தைய இரவு இருந்த நிலையிலேயே சர்வர் எழுந்து நிற்கும். ஆனால் இந்த விடை எல்லோருக்கும் பொருந்தாது. எப்போது மேம்படுத்தலே போதும், எப்போது அது கூடவே கூடாது என்பதை ஹோஸ்டின் வரலாறுதான் தீர்மானிக்கிறது.

"ஓடிக்கிட்டு இருக்கத எதுக்கு தம்பி தொடுதிய?" என்று கடைக்கார அண்ணாச்சிகள் கேட்பது நியாயமான கேள்வி. ஆதரவு முடிந்த ஹோஸ்ட் மறுநாளே நின்றுவிடாது. அது இன்னும் சில ஆண்டுகள் ஓடவும் கூடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடுகிறது. அந்த ஹோஸ்டின் நிர்வாகப் பக்கமோ பில்லிங் கணினிகளும் கடையின் வைஃபையும் இருக்கும் அதே நெட்வொர்க்கில்தான் பெரும்பாலும் திறந்திருக்கிறது. ஏதாவது ஒரு கணினி வழியாக உள்ளே வரும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள்) ஹோஸ்டைப் பிடித்துவிட்டால், எல்லா வி.எம்.களும் ஒரே நேரத்தில் போய்விடும். இதை அண்ணாச்சியிடம் இதே சொற்களில் சொன்னால் அவர் ஒப்புக்கொள்வார்.

முடிவெடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் ஹோஸ்ட் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பாருங்கள். பிராக்ஸ்மாக்ஸில் பதிப்பைத் தாண்டிக் குதிக்க முடியாது. 6-லிருந்து 7, 7-லிருந்து 8, 8-லிருந்து 9 என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். 7-ஆம் பதிப்பின் ஆதரவு 2024 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. இன்னமும் 6-இலோ 7-இலோ இருக்கும் ஹோஸ்டைப் படிப்படியாக ஏற்றுவது வீண் வேலை. ஒவ்வொரு படியிலும் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), புதிய கேள்விகள், புதிய ரீபூட் என்று ஆபத்து பெருகிக்கொண்டே போகும். பழைய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் புதிய பதிப்பில் ரீஸ்டோர் செய்ய முடியும் என்பதால், அந்த நிலையில் யோசிக்காமல் புதிதாக நிறுவுங்கள்.

அடுத்து, அந்த ஹோஸ்டை யார் நிறுவினார்கள், இடையில் யார் யார் கை வைத்தார்கள் என்று விசாரியுங்கள். ஒரே ஆள் நிறுவி, வேறு எதையும் அதன் மேல் ஏற்றாமல் வைத்திருந்தால் மேம்படுத்தல் பெரும்பாலும் அமைதியாக முடிந்துவிடும். நான் பார்க்கப் போகும் இடங்களில் அப்படி இருப்பது குறைவு. ஹோஸ்டின் மேலேயே பிரிண்ட் சர்வரும் சம்பா கோப்புப் பகிர்வும் நிறுவப்பட்டிருக்கும். எப்போதோ ஒரு டிரைவருக்காகச் சேர்த்த வெளி ரிப்பாசிட்டரி (பொதிகளைத் தரும் இணையக் களஞ்சியம்) இன்னும் இருக்கும். எதற்கென்று தெரியாத ஒரு ஸ்கிரிப்ட் கிரான் என்ற நேர அட்டவணையில் இரவுதோறும் ஓடிக்கொண்டிருக்கும். வரலாறு தெரியாத ஹோஸ்டை மேம்படுத்தினால், தெரியாத அந்த விஷயங்கள் எல்லாம் புதிய பதிப்புக்கும் கூடவே வந்துவிடும்.

மூன்றாவதாக, மேம்படுத்தலால் மாற்றவே முடியாத அம்சங்கள் சில உண்டு. டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் விதம், ஹோஸ்டின் கோப்பு முறைமை, பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறதா யு.இ.எஃப்.ஐ. முறையிலா என்பது ஆகியவை நிறுவும் அன்றே முடிவாகிவிடுகின்றன. ஒற்றை டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஹோஸ்டை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் இசட்.எஃப்.எஸ். (ஒரு கோப்பு முறைமை) மிர்ரருக்குக் கொண்டுபோக விரும்பினால், புதிதாக நிறுவுவதற்கு அதுவே போதுமான காரணம். நினைவகத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 8.1 முதல் பிராக்ஸ்மாக்ஸின் நிறுவி (நிறுவும் நிரல்) இசட்.எஃப்.எஸ். எடுத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகத்தை மொத்த ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜி.பி. என்று தானாகவே வரையறுத்துவிடுகிறது. அதற்கு முன் நிறுவிய ஹோஸ்டுகளில், யாரும் கையால் மாற்றியிருக்காவிட்டால், பாதி ரேம் வரை அது எடுத்துக்கொள்ளும். எத்தனை முறை மேம்படுத்தினாலும் அந்தப் புதிய 10 சதவீத வரம்பு தானாக வராது.

கடைசியாக, 9-ஆம் பதிப்பு கைவிட்ட அம்சங்களைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 16.04 போன்ற பழைய இயங்குதளங்களைக் கொண்ட கன்டெய்னர்கள் (ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்து ஓடும் இலகுவான சூழல்கள்) 9-இல் ஓடாது. அவை நம்பியிருக்கும் பழைய சிகுரூப் முறை (வளங்களைப் பங்கிடும் கெர்னல் வசதி) நீக்கப்பட்டுவிட்டது. குளஸ்டர்எஃப்எஸ் சேமிப்புக்கான ஆதரவும் எடுக்கப்பட்டுவிட்டது. கன்டெய்னராக இல்லாமல் முழு வி.எம்.மாக ஓடும் பழைய இயங்குதளங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பேக்கப்பும், அதைச் சோதித்துப் பார்ப்பதும்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பேக்கப் பட்டியலில் பச்சை நிறத்தில் வரிசையாக "ஓகே" என்று காட்டுவது, கோப்பு எழுதி முடிந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தக் கோப்பிலிருந்து பில்லிங் மறுபடி எழும் என்பதை ரீஸ்டோர் செய்து பார்த்தால்தான் நம்ப முடியும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். வேலை நாளுக்குச் சில நாள் முன்பாக, ஒரு பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து வேறொரு வி.எம். எண்ணில் ரீஸ்டோர் செய்யுங்கள். ரீஸ்டோர் பெட்டியில் தனித்த அடையாளம் தரும் "யூனிக்" என்ற தேர்வை டிக் செய்யுங்கள். முடிந்ததும் உடனே தொடங்கும் தேர்வை டிக் செய்யாதீர்கள். ரீஸ்டோர் முடிந்த பிறகு அந்த வி.எம்.மின் நெட்வொர்க் கார்டைத் திறந்து, இணைப்பைத் துண்டிக்கும் தேர்வை வைத்துவிட்டு, அதற்குப் பிறகே தொடங்குங்கள். இந்த ஒரு டிக்கை மறந்தால் ஒரே ஐ.பி. முகவரியில் இரண்டு பில்லிங் சர்வர்கள் நெட்வொர்க்கில் நிற்கும். சில கணினிகள் ஒன்றிலும் சில கணினிகள் மற்றொன்றிலும் பில் போடத் தொடங்கிவிடும். கன்சோல் வழியாக உள்ளே போய், டேட்டாபேஸ் திறக்கிறதா, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் சோதனை வி.எம்.மை நீக்கிவிட்டு, அடுத்த வி.எம்.முக்குச் செல்லுங்கள். எல்லா வி.எம்.களையும் சோதிக்க நேரமில்லை என்றால், பில்லிங்கையும் கணக்கையும் மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.

பேக்கப் இருக்கும் இடமும் முக்கியம். சர்வரின் மேலேயே வைத்திருக்கும் யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க்கை மட்டும் நம்பக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ஜங்ஷனிலும் கொக்கிரகுளத்திலும் வெள்ளம் புகுந்தபோது, தரைத்தளத்தில் இருந்த கணினிகள் எவ்வளவு விரைவாக மூழ்கக்கூடும் என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்தது. ஒரு பிரதி வீட்டிலோ வேறு கிளையிலோ இருக்கட்டும். சர்வரையும் தரையிலிருந்து தூக்கி வைக்க இதுவே நல்ல தருணம்.

நாளைத் தேர்வு செய்தல்

மாதத்தின் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாட்கள்; அவற்றுக்கு முந்தைய மூன்று நாட்களில் டேலி வி.எம்.மைத் தொடுவது ஆடிட்டருக்குச் செய்யும் அநியாயம். தீபாவளிக்கு முந்தைய மாதம் ஜவுளிக் கடைகளுக்கு ஆகாது. டவுனில் இருக்கும் கடை என்றால், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் வண்டி நுழையாது என்பதையும் நினைவில் வையுங்கள்; மாற்று உதிரி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டால் வண்ணார்பேட்டையிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதே பெரும் பாடாகிவிடும். துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதை அதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். பொதிகள் பாதி மாறியிருக்கும்போது மின்சாரம் போனால், மேம்படுத்தல் நடக்கும் ஹோஸ்ட் பூட் ஆகாமலே போகலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நான் இந்த வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

மேம்படுத்தும் வழி

8-ஆம் பதிப்பில் இருக்கிறீர்கள், ஹோஸ்டின் வரலாறு தெளிவாகத் தெரியும், டிஸ்க் அமைப்பில் மாற்றம் தேவையில்லை, பேக்கப் சோதனை வெற்றி என்ற நான்கும் பொருந்தினால் மேம்படுத்தலைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்துப் பிராக்ஸ்மாக்ஸின் அதிகாரபூர்வ ஆவணத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில், ஏன் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதல் படியாக, இருக்கும் பதிப்பை அதன் கடைசி வெளியீடான 8.4-க்குக் கொண்டுவந்து ரீபூட் செய்யுங்கள். 9-க்கு மாறும் முன்னரே இந்த ரீபூட்டைச் செய்வதில் ஒரு பயன் இருக்கிறது: நெடுநாளாக ரீபூட் ஆகாத சர்வரில் ஒளிந்திருக்கும் பழுதுகள், அதாவது சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க்கோ யாரோ கையால் மாற்றிச் சேமிக்காமல் விட்ட நெட்வொர்க் அமைப்போ, இப்போதே வெளிப்பட்டுவிடும். அவற்றின் பழி பின்னால் மேம்படுத்தலின் மேல் விழாது. ரூட் பிரிவில் குறைந்தது 5 ஜி.பி. காலி இடம் தேவை, 10 ஜி.பி. இருந்தால் நிம்மதி.

அடுத்து, 8-லிருந்து 9-க்குச் செல்வதற்கென்றே தரப்பட்டிருக்கும் சரிபார்ப்பு நிரலை முழுச் சோதனைத் தேர்வுடன் ஓட்டுங்கள். அது எதையும் மாற்றாது. சிக்கல்களை மட்டும் சொல்லும். சிவப்பில் வருபவற்றைத் தீர்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். மஞ்சளில் வருபவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். சிஸ்டம்டி-பூட் என்ற பூட் தொகுப்பை நீக்கச் சொல்லும் எச்சரிக்கை பல ஹோஸ்டுகளில் வரும். அதை அலட்சியம் செய்தால் மேம்படுத்தலின் நடுவிலோ பூட் ஆகும்போதோ தடுக்கும். திருத்திய பின் நிரலை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, நெட்வொர்க் கார்டின் பெயர். புதிய கெர்னல் வந்ததும் கார்டின் பெயர் மாறிவிடுவது உண்டு. வி.எம்.களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் அமைப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். சர்வர் நன்றாக எழுந்திருந்தாலும் நெட்வொர்க்கில் இருந்து எட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியையும் (கார்டுக்கே உரிய வன்பொருள் எண்) இப்போதைய பெயரையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலையாகக் கட்டிவைக்கும் அமைப்புக் கோப்பை முன்கூட்டியே எழுதிவைத்தால் இன்னும் நல்லது. 9-இல் இதற்கென்றே ஒரு கருவி தரப்பட்டிருக்கிறது. எப்படியானாலும் சர்வருக்கு நேரடியாக மானிட்டரும் கீபோர்டும் மாட்டி வையுங்கள். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஆலையின் ஹோஸ்டைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மேம்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. சர்வரின் தொலைநிலை மேலாண்மைக் கார்டு வேலை செய்கிறது என்று சோதித்திருந்தால் மட்டும் அது விதிவிலக்கு.

இதன் பிறகு வி.எம்.களை முறையாக நிறுத்தி, நிறுத்திய நிலையில் கடைசி பேக்கப்பை எடுங்கள். ரிப்பாசிட்டரிப் பட்டியலில் புக்வார்ம் (டெபியன் 12-இன் பெயர்) என்று இருக்கும் இடங்களை டிரிக்ஸி (டெபியன் 13-இன் பெயர்) என்று மாற்றுங்கள். வெளி ரிப்பாசிட்டரிகளை முடக்குங்கள். சந்தா வாங்காத ஹோஸ்டில் சந்தா இல்லாதோருக்கான ரிப்பாசிட்டரிதான் இயங்குகிறதா என்று பாருங்கள். மேம்படுத்தலை வலைப் பக்கத்தில் இருக்கும் கன்சோலில் தொடங்கக் கூடாது. அந்தப் பக்கத்தைத் தரும் சேவையே இடையில் மறுதொடக்கம் ஆகும் என்பதால் இணைப்பு அறுந்துவிடும். நேரடி கீபோர்டில், அல்லது எஸ்.எஸ்.எச். தொலை இணைப்பு வழியாக, இணைப்பு அறுந்தாலும் தொடர்ந்து ஓடும் டிமக்ஸ் அமர்வுக்குள் தொடங்குங்கள்.

கட்டளையை இட்டதும், நிறுவப்போகும் பொதிகளும் நீக்கப்போகும் பொதிகளும் நீண்ட பட்டியலாக வரும். இங்கே அவசரப்பட்டுச் சம்மதம் தெரிவிப்பவர்களே அதிகம். நீக்கப்படும் பட்டியலில் பிராக்ஸ்மாக்ஸ்-வி.இ. என்ற மூலப் பொதி இருந்தால், ரிப்பாசிட்டரி ஏதோ ஒன்று தவறாக இருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தி, பட்டியலைச் சரிபார்த்து, மறுபடி தொடங்க வேண்டும். சம்மதித்து முன்னேறினால் ஹைப்பர்வைசரே போய் வெறும் டெபியன் மிஞ்சும்.

இடையிடையே, பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா என்று கேட்கும். நீங்கள் கையால் மாற்றாத கோப்புகளுக்குப் புதியதை ஏற்கலாம். எல்.வி.எம். (டிஸ்க் பிரிவுகளை நிர்வகிக்கும் முறை) அமைப்புக் கோப்புக்குப் புதியதையே ஏற்கச் சொல்கிறது அதிகாரபூர்வ ஆவணம். எஸ்.எஸ்.எச்., குரப் (பூட் நிரல்) ஆகியவற்றின் கோப்புகளில் மாற்றங்கள் செய்திருந்தால், வேறுபாட்டைக் காட்டும் தேர்வை அழுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஐ.ஓ.எம்.எம்.யு. பாஸ்த்ரூவுக்காக (வன்பொருளை நேரடியாக வி.எம்.முக்குக் கொடுப்பதற்காக) குரப் கோப்பில் வரி சேர்த்திருந்தால் பழையதை வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிந்ததும் உடனே ரீபூட் செய்யாமல், சரிபார்ப்பு நிரலை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். ரீபூட்டுக்குப் பின் கெர்னல் பதிப்பு மாறியிருக்கிறதா, எல்லாச் சேமிப்பிடங்களும் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, வி.எம்.களை ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். வலைப் பக்கம் விசித்திரமாகத் தெரிந்தால் பிரவுசரின் கேஷை அழித்துவிட்டுத் திறந்தால் போதும்.

புதிதாக நிறுவும் வழி

இங்கே தயாரிப்புதான் வேலையின் பெரும் பகுதி. நிறுவுவது சிறு பகுதி. ஹோஸ்ட் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அமைப்புக் கோப்புகளை நகல் எடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இ.டி.சி. கோப்புறைக்குள் பி.வி.இ. என்று தெரியும் உட்கோப்புறை உண்மையில் டிஸ்க்கில் கோப்புகளாக இல்லை. அது ஒரு எஸ்.கியூ.லைட் தரவுத்தளத்தில் இருந்து, சேவை ஓடும்போது மட்டும் கோப்புறையாகக் காட்டப்படுகிறது. ஹோஸ்டை நிறுத்திவிட்டு டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டிப் பார்த்தால் அந்த இடம் காலியாக இருக்கும். வி.எம்.களின் அமைப்பு, சேமிப்பிடப் பட்டியல், பயனர்கள், பேக்கப் வேலைகள், ஃபயர்வால் விதிகள் எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன. அதனுடன் நெட்வொர்க் இடைமுகக் கோப்பு, ஹோஸ்ட்ஸ் கோப்பு, எஃப்ஸ்டாப், மோட்ப்ரோப் அமைப்புகள், கிரான் வேலைகள், நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டுகள் ஆகியவற்றையும் எடுத்து, ஹோஸ்டுக்கு வெளியே இருக்கும் பென் டிரைவில் வையுங்கள். ஒவ்வொரு வி.எம்.மின் ஹார்டுவேர் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

மென்பொருள் உரிமத்துக்கான யு.எஸ்.பி. டாங்கிளும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் தனிக் கவனம் கேட்பவை. ஆடிட்டர் அலுவலகங்களில் அந்த டோக்கனை யு.எஸ்.பி. போர்ட் எண்ணை வைத்து வி.எம்.முக்குக் கொடுத்திருப்பார்கள், வேலையின்போது கழற்றி வேறு போர்ட்டில் மாட்டினால் வி.எம்.முக்கு அது தெரியாது. எந்தப் போர்ட்டில் எது இருந்தது என்று சிறு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நெட்வொர்க் கேபிள்களுக்கும் அப்படியே.

ஐ.எஸ்.ஓ. நிறுவல் கோப்பை முந்தைய நாளே இறக்கி, அதன் எஸ்.எச்.ஏ.-256 மதிப்பை (கோப்பு சிதையவில்லை என்று காட்டும் குறியீடு) வெளியீட்டுப் பக்கத்தில் உள்ள மதிப்போடு ஒப்பிட்டுவிட்டு, பென் டிரைவில் எழுதுங்கள். வேலை நாளன்று, வி.எம்.களை நிறுத்திக் கடைசி பேக்கப்பை எடுத்த பிறகு, சர்வரை அணைத்துப் பழைய டிஸ்க்குகள் அனைத்தையும் உடலளவில் கழற்றுங்கள். மென்பொருளில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. பழைய எஸ்.எஸ்.டி. மாட்டியே இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: பிராக்ஸ்மாக்ஸ் வழக்கமாக உருவாக்கும் எல்.வி.எம். தொகுப்பின் பெயர் பழையதிலும் புதியதிலும் ஒன்றே. நிறுவி அதைக் கண்டுபிடித்து, பழைய தொகுப்பின் பெயரை மாற்றட்டுமா என்று கேட்கும். நீங்கள் சம்மதித்தால் பழைய எஸ்.எஸ்.டி. இனி அதன் பழைய பெயரைத் தேடிப் பூட் ஆக முடியாமல் நிற்கும். திரும்பிப் போகும் பாதையை நீங்களே அடைத்ததாகிவிடும். இசட்.எஃப்.எஸ்.ஸிலும் ரூட் பூலின் (டிஸ்க் தொகுப்பின்) பெயர் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் இதே மோதல் வரும்.

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டில் ஹோஸ்டும் வி.எம்.களும் ஒரே தொகுப்பில் இருந்தால், ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் அது இருந்த இடத்தின் எண்ணை எழுதிவிட்டுக் கழற்றுங்கள். புதிய எஸ்.எஸ்.டி.யை மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் மாட்டி நிறுவலாம்.

நிறுவும்போது பழைய ஹோஸ்ட் பெயரையும் ஐ.பி. முகவரியையும் அப்படியே கொடுங்கள். நிறுவிய பின் பிரிட்ஜுகளைப் பழைய பெயர்களிலேயே உருவாக்குங்கள், வி.எம்.களின் அமைப்பு அந்தப் பெயர்களைத்தான் தேடும். சேமிப்பிடங்களைச் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும்: பழைய அடையாளப் பெயர் எழுத்துக்கூட மாறாமல் இருந்தால், வி.எம். அமைப்புக் கோப்பைத் திரும்ப வைத்ததும் அது தன் டிஸ்க்கைக் கண்டுகொள்ளும். வி.எம். டிஸ்க்குகள் தனி இசட்.எஃப்.எஸ். பூலில் இருந்தால், சர்வரை அணைத்து அந்த டிஸ்க்குகளை மாட்டி, பூலை இம்போர்ட் செய்து, அமைப்புக் கோப்புகளை அதன் இடத்தில் வைத்தால் வேலை முடிந்தது, ரீஸ்டோரே தேவையில்லை. வி.எம்.களும் பழைய எஸ்.எஸ்.டி.யிலேயே இருந்தால் பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்ய வேண்டும்.

இந்த உண்மையான ரீஸ்டோரில், சோதனையின்போது டிக் செய்த "யூனிக்" தேர்வை டிக் செய்யக் கூடாது. டிக் செய்தால் வி.எம்.முக்குப் புதிய மேக் முகவரி கிடைக்கும். விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க் கார்டு என்று நினைத்து நிலையான ஐ.பி.யை விட்டுவிடக்கூடும், கணினியின் அடையாளத்தைப் பார்த்து உரிமம் தரும் மென்பொருள்கள் உரிமத்தை மறுபடி கேட்கக்கூடும். பழைய எண்ணிலேயே, பழைய அடையாளத்துடனேயே ரீஸ்டோர் செய்யுங்கள்.

டொமைன் கன்ட்ரோலரோ டேட்டாபேஸோ இருந்தால் அதை முதலில் தொடங்கி, மற்றவற்றைப் பின்னர் தொடங்குங்கள். கவுண்டரில் இருக்கும் கணினியிலிருந்து ஒரு பில் போட்டுப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஹோஸ்டுகள் இருந்தால்

கிளஸ்டர் (இணைந்து இயங்கும் பல ஹோஸ்டுகள்) வைத்திருக்கும் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மேம்படுத்தலே எளிது. ஒரு ஹோஸ்டிலிருந்து வி.எம்.களை மற்றொன்றுக்கு நகர்த்தி, காலியானதை மேம்படுத்தி, அடுத்ததற்குச் செல்லலாம். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு ஓடும் நிலையிலேயே நகர்த்த முடியும். புதியதிலிருந்து பழையதற்கு அது நடக்கும் என்று நம்பக் கூடாது. ஹோஸ்டுகளுக்கிடையே பரவும் செஃப் சேமிப்பைப் பயன்படுத்தினால் முதலில் அதை ஸ்குவிட் பதிப்புக்குக் கொண்டுவந்த பிறகே 9-க்குப் போக வேண்டும். கிளஸ்டரில் ஒரு ஹோஸ்டைப் புதிதாக நிறுவ நேர்ந்தால், முதலில் அதை அணைத்துவிட்டுக் கிளஸ்டரிலிருந்து நீக்கி, நிறுவிய பின் வி.எம். எதுவும் இல்லாத வெற்று ஹோஸ்டாகவே மறுபடி சேர்க்க வேண்டும். நீக்கப்பட்ட பழைய டிஸ்க்கை அதே நெட்வொர்க்கில் மறுபடி பூட் செய்யவே கூடாது. ஒற்றை ஹோஸ்டில் நம்மைக் காக்கும் பழைய எஸ்.எஸ்.டி. இங்கே கிளஸ்டரைக் குழப்பிவிடும்.

மற்ற ஹைப்பர்வைசர்கள்

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி பயன்படுத்துவோருக்கும் இதே யோசனை பொருந்தும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வின் ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. அங்கிருந்து 2025 பதிப்புக்கு நேரடியாக மேம்படுத்த முடியும் என்றாலும், அத்தனை ஆண்டுப் பழைய ஹோஸ்டை அப்படி ஏற்றுவதைவிட, வி.எம்.களை எக்ஸ்போர்ட் செய்து புதிய நிறுவலில் இம்போர்ட் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். வி.எம்.மின் அமைப்புப் பதிப்பை உயர்த்தினால் திரும்ப இறக்க முடியாது என்பதால் அதைக் கடைசிக்கு வையுங்கள். விஎம்வேரின் 7-ஆம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதி முடிந்தது. உரிமம் சந்தா முறைக்கு மாறியதால் பிராக்ஸ்மாக்ஸுக்கு வர விரும்புவோருக்கு எப்படியும் புதிய நிறுவல்தான், விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இ.எஸ்.எக்ஸ்.ஐ. ஓடும் ஹோஸ்டிலிருந்து வி.எம்.களை நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதி 8.2 முதல் இருக்கிறது.

வேலை முடிந்த பிறகு

இசட்.எஃப்.எஸ். பூலின் வசதிகளைப் புதிய பதிப்புக்கு உயர்த்தலாம் என்று நிலைப் பக்கத்தில் குறிப்பு வரும். அதை உடனே செய்யாதீர்கள். உயர்த்திவிட்டால் பழைய ஹோஸ்டால் அந்தப் பூலை எழுதவோ, சில சமயம் படிக்கவோ முடியாது. ஒரு மாதக் கணக்கு முடிந்து, ஒரு ஜி.எஸ்.டி. தாக்கலும் புதிய ஹோஸ்டிலிருந்து நடந்த பிறகு செய்யலாம். பழைய எஸ்.எஸ்.டி.யையும் அதுவரை தேதி எழுதி வைத்திருங்கள். ஆனால் புதிய ஹோஸ்டில் ஒரு முழு நாள் வியாபாரம் நடந்துவிட்டால், பழையதை மாட்டும்போது அந்த நாளின் பில்கள் அதில் இருக்காது என்பதை உரிமையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாட்ட வேண்டிய நிலை வந்தால், புதிய ஹோஸ்டிலிருந்து ஒரு பேக்கப்பை எடுத்துவிட்டே அதைச் செய்ய வேண்டும். மாதங்கள் கழித்து அந்த எஸ்.எஸ்.டி.யை வேறு வேலைக்கு எடுத்தால் முழுவதும் அழித்துவிட்டே எடுங்கள். அதில் வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.

புதிதாக நிறுவிய ஹோஸ்டில் மிகவும் மறந்துபோவது பேக்கப் வேலையை மறுபடி அமைப்பதுதான். எல்லாம் நன்றாக ஓடுவதால் யாரும் அதை நினைப்பதில்லை. பழைய அமைப்பிலிருந்து எடுத்த நகலைப் பார்த்து, அதே நேரத்துக்கு, அதே வி.எம்.களுக்கு, எத்தனை பிரதிகள் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையுடன் அதை உருவாக்குங்கள். தோல்வியடைந்தால் மின்னஞ்சல் வரும்படி அறிவிப்பையும் அமைத்து, ஒரு சோதனை அஞ்சல் அனுப்பிப் பாருங்கள். மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன், முதல் பேக்கப் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதிலிருந்து ஒரு வி.எம்.மை நெட்வொர்க் துண்டித்த நிலையில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள்.